குழாய் கட்டிய ஊர்

கொடைரோடு நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வண்டி பேசுவார்கள். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் என்பதால் நிலையத்துக்கு அந்தப் பெயர். ஊரின் சொந்தப் பெயர் அம்மையநாயக்கனூர்; பாளையக்காரர்கள் இருந்து ஆண்ட ஊர். கிழக்கே சிறுமலை. அதன் அடிவாரத்துப் பந்தல்களில் விளையும் பன்னீர் திராட்சை சாலையோரக் கூடைகளில் கறுகறுவென்று குவிந்திருக்கிறது. அரைக்கிலோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலைக்குப் போகிற கார்கள் நிற்காமல் கடந்துபோகும் நிலக்கோட்டையில் எனக்கு வேலை இருந்தது. ஒரு மைக் செட்காரரைப் பார்க்க வேண்டும்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லின் நகரத்து டெக்னோ இசையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. யுனெஸ்கோ உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தத்தம் மண்ணில் உயிரோடிருக்கும் கலைகளுக்காக வைத்துக்கொள்ளும் பட்டியல் அது. அரையிருட்டுக் கூடங்களில் விடிய விடிய இசைத்தட்டு சுழற்றும் டிஜேக்களின் கைவேலையை, அதற்கு ஆடுகிறவர்களோடு சேர்த்து, ஒரு தேசம் தன் மரபு என்று எழுதிவைத்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு சந்தோஷமும் வந்தது, ஆற்றாமையும் வந்தது. பதிவு செய்த பாட்டை வைத்து ஒரு ஊரையே இரவு முழுக்கக் கட்டி நிறுத்தும் கலை நம்மிடமும் தலைமுறைகளாக இருக்கிறது. அந்தக் கலைஞர்களை 'செட்டுக்காரர்' என்று கூப்பிட்டோம், இலை போட்டுச் சோறு வைத்தோம், விடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பினோம். அவர்கள் செய்தது என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பஸ்ஸில் இளையராஜா பாடிக்கொண்டிருந்தார். இந்தத் தடத்தில் அது தற்செயல் இல்லை. நிலக்கோட்டைக்கு மேற்கே வத்தலகுண்டு, அதைத் தாண்டித் தேனி, இன்னும் போனால் அவர் பிறந்த பண்ணைப்புரம். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர் இளையராஜா. அந்தத் தெருமுனைப் பாட்டுகளை வயக்காடு தாண்டிக் கொண்டுசேர்த்தது மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான். அந்தக் குழாயைக் கட்டியவன் யார்?

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டைப் பார்க்காமல் போகக்கூடாது. காலையிலேயே மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செண்டுமல்லி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதில் இந்த மண்ணுக்கும் பங்கு கிடைத்தது. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் விலை ஏறும், மறுநாள் சரியும். மொட்டு விரியும் முன்பே பறித்தாக வேண்டும் என்பதால் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள் பெண்கள். "மார்கழியில கோயில் குழாய்ல பாட்டு எழும்பினதும் நாங்க செடிகிட்ட நிப்போம். மணி பாக்க வேண்டியதில்ல" என்றார் மூட்டைமேல் சாய்ந்திருந்த ஒரு அம்மா. செட்டுக்காரரின் வேலைநேரமும் பூப்பறிப்பவரின் வேலைநேரமும் இந்தச் சமவெளியில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

கடை மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். வாசலில் மடக்கிய சீரியல் செட் சட்டங்கள். பல்பு மாட்டினால் அம்மனாகவோ மயிலாகவோ எரியும். உள்ளே சுவர் நெடுகக் குழாய்கள் வாயைக் கீழே கவிழ்த்துத் தொங்குகின்றன. வெள்ளிப் பூச்சு உதிர்ந்து, சிலவற்றில் கடையின் பழைய பெயர் பாதி அழிந்து தெரிகிறது. மூலையில் ஆஹுஜா ஆம்ப்ளிஃபயர்கள் மூன்று தலைமுறைக்கும் இருக்கின்றன. மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கறுப்பு பாக்ஸ்கள். அவற்றுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். அறுபதைத் தாண்டிய வயது. அவர் பெயரை எழுதுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். "இதே சோலி பாத்தவுக நெறைய பேரு இருந்தாக தம்பி. எம்பேரு மட்டும் என்னத்துக்கு?"

எழுபதுகளின் பின்பாதியில், மீசை முளைக்கும் முன்பே, இன்னொருவர் செட்டில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் வேலை பேட்டரி தூக்குவது. அடுத்த வேலை மரம் ஏறுவது. குழாயைக் கயிற்றில் கட்டி இடுப்போடு முடிந்துகொண்டு தென்னையிலோ வேம்பிலோ ஏறி, கீழே நிற்கும் ஆசான் கைகாட்டும் திசைக்கு அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் திசையில் ஒரு கல்வி இருக்கிறது என்று அவர் பேசப் பேசத்தான் எனக்குப் புரிந்தது. "ஆனி ஆடியில காத்து மேக்கேருந்து வரும். மேக்க பாத்துக் கட்டுனா சத்தம் மேல ஏறிப் போயிரும், பக்கத்துக் காட்டுக்குக்கூடக் கேக்காது. கிழக்க பாத்துக் கட்டுனா அடுத்த ஊருக்காரன் நம்ம திருவிழாவக் கேட்டுட்டு எந்திரிச்சு வருவான்." காற்றின் எதிர்த்திசையில் போகும் ஒலி வளைந்து மேலே போய்விடும் என்பது ஒலியியல் பாடம். இவர் அதை மரத்தின் மேல் இருந்து படித்திருக்கிறார்.

ஊரின் நான்கு மூலைக்கும் குழாய் போக வேண்டுமென்றால் அரை மைல் கம்பி இழுப்பார்கள். அத்தனை நீளத்தில் ஒலி தேய்ந்துவிடாமலிருக்க, ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வோல்ட் லைனாக எடுத்து, ஒவ்வொரு குழாயின் யூனிட்டுக்கு முன்னாலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துவார்கள். பள்ளிப் படிப்பு எட்டைத் தாண்டாத கைகள் இந்தக் கணக்கைப் போட்டு, மழைக்கும் இடிக்கும் நடுவே, கரண்ட் இல்லாத ஊர்களில்கூடப் பேட்டரியில் ஓட்டிக்காட்டின.

தகரப் பெட்டியில் இசைத்தட்டுகள் இருந்தன. 78 சுற்று அரக்குத்தட்டுகள் சில, கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்குபவை. மற்றவை 45 சுற்று சின்னத் தட்டுகளும், படம் முழுக்க உள்ள எல்.பி.களும். அதற்கும் அடியில் ஒரு கட்டு நாற்பது பக்க நோட்டு. எனக்கு அதுதான் புதையல். எந்த ஊரில், எந்தத் திருவிழாவில், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று ஆண்டுக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். ஓரத்தில் சின்னக் குறிப்புகள்: இந்த ஊரில் முருகன் பாட்டை முதலில் போட வேண்டும், இந்த ஊரில் இந்தப் படப் பாட்டு ஆகாது, இந்தத் தெருவில் பச்சைப்பிள்ளைக்காரி இருக்கிறாள், குழாயைத் திருப்பு.

"பாட்டு போடுறது பெரிசில்ல. வரிசைதான் பெரிசு" என்றார். ஒரு திருவிழாவின் வரிசையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன். குழாயில் முதல் குரல் சீர்காழி கோவிந்தராஜனுடையது, பிள்ளையார் பாட்டு. அதை மாற்றியவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை. பிறகு டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகள். பொழுது சாயும் நேரத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அது எழும்பினால் மாவிளக்குக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். தர்காவில் கந்தூரி என்றால் நாகூர் ஹனீபா. காதுகுத்து, சடங்கு வீடுகளில் தாய்மாமன் சீர் தெருமுனைக்கு வரும்போது அதற்கென்று ஒரு பாட்டு தயாராக இருக்க வேண்டும். சீர்த்தட்டு பந்தலில் நுழையவும் பாட்டு முடியவும் சரியாக இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் சோகப் பாட்டு தவறிக்கூட வந்துவிடக் கூடாது. தட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அந்தத் தட்டையே கொண்டுபோக மாட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் பெரிய சோதனை. எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்று போட்டால் சிவாஜி பாட்டு ஒன்று போட்டாக வேண்டும். எண்ணிக்கை பிசகினால் கல் வரும். இந்தத் தராசில் பிறகு ரஜினி, கமல் என்றும், அதற்குப் பின் விஜய், அஜித் என்றும் ஆள் மாறியதே தவிர, தராசு மாறவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் மகிழ்வித்துவிட்டு இறங்கிப்போகலாம். செட்டுக்காரர் அப்படிப் போக முடியாது. அடுத்த வருஷமும் அதே ஊருக்கு வர வேண்டும். தமிழ்நாட்டின் கட்சி அரசியலை இவ்வளவு நுணுக்கமாகக் கையாண்டவர்கள் வேறு யாரும் இருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு இடைவெளி வரும். தட்டை எடுத்து, திருப்பி, முள்ளை வைக்கும் நேரம். அந்த நேரம் ஊருக்குச் சொந்தம். அன்பளிப்பு கொடுத்தவர் பெயர், காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறம், தீச்சட்டி எடுக்கிறவர்கள் கோயிலுக்கு வரச் சொல்லி அழைப்பு. மைக்கைப் பிடித்துப் பேசத் தெரியாதவர் செட்டுக்காரராக முடியாது. கொடுத்தது பத்து ரூபாயானாலும் நூறு ரூபாயானாலும் பெயரை ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு அவர் ஆசான் சொல்லிக்கொடுத்த விதி. எங்கோ ஒரு குடிசைக்காரரின் பெயர் பனைமரத்து உயரத்திலிருந்து ஊர் முழுக்க ஒலித்த அந்தக் கணத்தின் மதிப்பை, கைபேசியில் தன் முகத்தைத் தானே பார்த்துப் பழகிய தலைமுறைக்கு விளக்குவது கடினம்.

டெக்னோ டிஜேயின் கலை இந்த இடத்தில்தான் பிரிகிறது. அவர்களுக்கு இடைவெளியே ஆகாது. இரண்டு டர்ன்டேபிள், ஒன்றில் ஓடும் பாட்டின் தாளத்தோடு, அடுத்ததில் காத்திருக்கும் பாட்டின் வேகத்தை ஒரு சறுக்கு விசையால் கூட்டிக் குறைத்து ஒத்திசைத்து, ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்துவிடுவார்கள். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்ற ஜப்பானிய டர்ன்டேபிள் அந்தக் கைவேலைக்கு ஆயுதமாயிற்று. ஆனால் அடிப்படை வேலை ஒன்றுதான்: கூட்டத்தின் முகத்தைப் படித்து, அடுத்த பாட்டைத் தீர்மானிப்பது.

டெக்னோ பிறந்தது பெர்லினில் இல்லை, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில். கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடி, வெள்ளையர்கள் வெளியேறி, வேலையில்லாமல் நின்ற நகரம். அதன் புறநகரான பெல்வில்லில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள் - ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் - விலை மலிந்து கிடைத்த தாள இயந்திரங்களையும் சிந்தசைசர்களையும் வைத்து இந்த இசையைச் செய்தார்கள். ரோலண்ட் நிறுவனம் 1980இல் விட்ட டிஆர்-808, 1983இல் விட்ட டிஆர்-909 ஆகிய தாள இயந்திரங்கள் நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று வாத்தியக்காரர்கள் ஒதுக்கியவை. ஒதுக்கப்பட்டவர்கள் கைக்கு ஒதுக்கப்பட்ட கருவி வந்து சேர்ந்தது. 1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்புத் தட்டு 'டெக்னோ' என்ற பெயரை உலகறியச் செய்தது. பெர்லின் சுவர் விழுந்தபின், 1991இல், ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் 'டிரெசோர்' என்ற கிளப் திறந்தது. டெட்ராய்ட்காரர்கள் அங்கே போய் வாசித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜெஃப் மில்ஸ் 1963இல் பிறந்தவர். மூன்று டர்ன்டேபிள்களையும் 909ஐயும் ஒரே நேரத்தில் ஆளும் அவர், அறுபதைக் கடந்தும் விடியும்வரை வாசிக்கிறார். அவருக்கும் நிலக்கோட்டைக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இந்தக் கதையில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பம்பாயின் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கருவிகளை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டுக்காகப் பதிவு செய்தார். வாங்க ஆளில்லை, மறந்துபோயிற்று. 2010இல் ஒரு டச்சு நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டபோது, சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் சாயல் இந்தியாவில் ஒலித்திருக்கிறது என்று உலகம் வியந்தது. முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளுக்குப் போய் வாசித்துவிட்டு 2015இல் அவர் காலமானார். ஒரு தட்டு மிஞ்சியிருந்ததால் அவர் கதை மிஞ்சியது. திருவிழா இரவுகளை அமைத்தவர்களின் வேலைக்கு மிஞ்சுவது என்ன? கரையான் தொடும் தூரத்தில் இருக்கும் அந்த நாற்பது பக்க நோட்டுகள்தான்.

கேசட் வந்தபோது செட்டுக்காரரின் சுமை குறைந்தது. பாட்டுகளோடு கதை வசனமும் ஓடியது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனங்கள் தட்டிலேயே இருந்தன. 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. "வசனம் போட்டா நான் ரெண்டு மணி நேரம் தூங்கிக்கிருவேன். அதுவும் பாதி ஊருக்கு மனப்பாடம். எங்கிட்டாவது டேப் சிக்கினா கூட்டமே மிச்சத்தச் சொல்லி முடிச்சிரும்." பரவை முனியம்மாவைப் போன்ற கிராமியப் பாடகர்களின் குரல் வீடுகளுக்குள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு சி.டி., பென் டிரைவ், இப்போது கைபேசி.

கருவிகள் மாறியதைவிடப் பெரிய மாற்றம் குழாய் போய் பாக்ஸ் வந்தது. குழாய்க்கு நடுச்சுருதிதான் வரும். நாதஸ்வரமும் மனிதக் குரலும் அதில் கணீரென்று தூரம் போகும். ஆழத்து ஒலி அதில் ஏறாது. பாக்ஸ் அப்படி இல்லை. பதினெட்டு அங்குல ஸ்பீக்கரின் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். குழாய்க் காலத்தில் ஊரே கேட்டது. பாக்ஸ் காலத்தில் முன்னால் நிற்பவர்கள் ஆடுகிறார்கள். தொண்ணூறுகளில் ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகள் வந்தபோது குழாய்க்கு வயதாகிவிட்டது தெரிந்துபோனது என்கிறார் அவர். அந்த அடித்தாளத்தைக் குழாய் சொல்ல முடியாமல் திணறியதாம்.

சட்டமும் குழாயைக் கீழே இறக்கியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் பண்டிகைகளுக்காக நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தமிழ்நாட்டில் காவல்துறை அனுமதிக் கடிதங்களில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்ற வரி வழக்கமாக இருக்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றால் ஆபாசம் கூடாது, சாதிப் பெருமைப் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளும் சேரும். இந்த விதிகளை நான் வரவேற்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் உறக்கத்துக்கு உரிமை உண்டு. இதில் செட்டுக்காரரும் என் கட்சியே. "சாதிப் பாட்டு கேட்டு எங்கிட்டயும் வந்துருக்காக. அந்தப் பாட்டு எங்கிட்ட இல்லைன்னுருவேன். அட்வான்ஸத் திருப்பிக் கேட்டவுகளும் உண்டு. குடுத்துட்டு வந்துருவேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. நானும் இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. இந்தச் சமவெளியின் திருவிழாக்கள் எல்லாத் தெருவுக்கும் ஒன்றாக இருந்ததில்லை. தேர் போகாத தெருக்கள் இருந்தன. திருவிழா வரி வாங்காமல் ஒதுக்கிவைக்கப்பட்ட வீடுகள் இருந்தன. குழாயின் ஒலிக்கு மட்டும் அந்த எல்லை இல்லை. ஆனால் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அந்த எல்லை இருந்தது. காலனிப் பக்கம் ஒரு குழாய் கட்டியதற்காக ஒரு ஊரில் கூலி பாதியாகக் குறைந்த கதையைச் சொன்னார். அடுத்த வருஷமும் கட்டினீர்களா என்று கேட்டேன். கட்டினாராம்.

குழாய்க்கு முன்பும் இங்கே இரவுகளை ஆண்ட ஒரு தாளம் உண்டு. பறை. வேப்பஞ்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் கொண்டு வாசிப்பது. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, ஒத்தையடி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஓர் அடி. மருள் அடியில் ஒரே சொல்கட்டு திரும்பத் திரும்ப வந்து, மெல்ல மெல்ல வேகம் ஏறி, எதிரே நிற்பவரைத் தன்னை மறக்கச் செய்யும். நிமிடத்துக்கு 120, 130 அடிகளுக்குமேல் ஓடும் டெக்னோ தேடுவதும் அந்த நிலையைத்தான். டெட்ராய்ட்டின் கறுப்பின இளைஞர்களைப் போலவே, பறையைக் காத்தவர்களும் சமூகம் தள்ளிவைத்தவர்கள். அவர்களுக்கு அது கலையாக இல்லாமல் கட்டாய ஊழியமாகவே நெடுங்காலம் இருந்தது. சாவுக்கு அடிக்க மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள்.

அதை மாற்றியவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் கிராமங்களின் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டும் வாசித்த கருவியை, இழிவு என்று சொல்லப்பட்ட கருவியை, அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்து மேடையில் வாசித்தார்கள். நிலக்கோட்டைக்குத் தென்கிழக்கே, வாடிப்பட்டியைத் தாண்டினால் வரும் அலங்காநல்லூரின் பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஜல்லிக்கட்டுக்கு மட்டுமே பெயர் சொல்லிவந்த ஊருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்தது.

மறுநாள் மாலை செட்டுக்காரரின் வண்டியிலேயே அணைப்பட்டிச் சாலையில் போனேன். வலப்பக்கம் தென்னந்தோப்பு, இடப்பக்கம் மல்லிகை. இந்த மண்ணுக்குத் தண்ணீர் வைகை. திருவிழா நடக்கும் ஊர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. காப்புக் கட்டியாகிவிட்டது. முளைப்பாரி வீட்டில் பெண்கள் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். பாக்ஸ்களை இறக்கி, மேடைக்கு இருபுறமும் அடுக்கி, ஜெனரேட்டரை மறைவாக நிறுத்தினார்கள். அவர் மகன் லேப்டாப்பையும் டிஜே கன்ட்ரோலரையும் விரித்தார். இப்போது தொழிலை நடத்துவது மகன்தான், எல்.இ.டி. திரை, புகை இயந்திரம் எல்லாம் வைத்திருக்கிறார். இரண்டு பாட்டின் தாளத்தை ஒத்திசைத்து இடைவெளி இல்லாமல் கடக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருக்கிறது. யூடியூப் பார்த்துப் பழகியதாம்.

நாளை இரவுக்கான வரிசையை அப்பாவும் மகனும் நோட்டை வைத்துக்கொண்டு பேசினார்கள். ஐந்து மணிக்குப் பிள்ளையார் பாட்டு, அதில் பேச்சே இல்லை. ஆறரைக்கு ஈஸ்வரியம்மா. மாவிளக்கு சுற்றி வந்ததும் செட்டை நிறுத்திவிட வேண்டும். அப்போது நையாண்டி மேளத்தின் நேரம், பிறகு பறை. "நேர்ல அடிக்கிறவன் முன்னாடி மிஷினு வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா. மகன் தலையாட்டினார். எட்டரையிலிருந்து பத்து வரை டிஜே. அதில் கடைசி இருபது நிமிடத்தைப் பற்றித்தான் வாக்குவாதம். உச்ச வேகத்தில் முடிக்க வேண்டும் என்றார் மகன். அப்படி முடித்தால் ஆடிய சூட்டோடு பயல்கள் சண்டைக்குப் போவார்கள், கடைசி மூன்று பாட்டை இறக்கிக் கொண்டுவந்து ராஜா பாட்டில் நிறுத்து, வீட்டுக்குப் போகிறவன் பாடிக்கொண்டே போவான் என்றார் அப்பா. பெர்லின் கிளப்களில் விடியற்காலை டிஜேக்கள் பார்க்கும் வேலையும் இதுதான் என்று மகனிடம் சொன்னேன். "அங்கிட்டும் இந்தப் பிரச்சினைதானாண்ணே?" என்று ஆச்சரியப்பட்டவர், கடைசியில் அப்பாவின் வரிசையையே ஏற்றுக்கொண்டார்.

பிறகு அந்தப் பெரியவர் மைக்கை எடுத்து ஊதிப் பார்த்தார். நாளை தீச்சட்டி எடுப்பவர்கள் எத்தனை மணிக்குக் கோயிலுக்கு வர வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அன்பளிப்புப் பட்டியலை வாசித்தார். எல்லாப் பெயரும் ஒரே குரலில் வந்தது.

இந்தக் கலையை ஆராய ஜெர்மானியர்கள் வர வேண்டியதில்லை. நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியிலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது; மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டார் வழக்காற்றை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் கும்மியையும் ஒப்பாரியையும் பதிவு செய்வதுபோல, ஒரு செட்டுக்காரரோடு ஒரு திருவிழாக் காலம் முழுக்கக் கூடவே இருந்து அவர் வரிசையைப் பதிவு செய்யட்டும். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக்கூடத் தூக்கிப்போடாமல் காக்கும் இடம். அந்த நாற்பது பக்க நோட்டுகளும் அங்கே போய்ச் சேரத் தகுதியுள்ளவை. என் கோரிக்கை பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமானது இல்லை. உங்கள் ஊரிலும் ஒரு மைக் செட் கடை இருக்கும். அதில் அறுபதோ எழுபதோ கடந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைபேசியில் பதிவை ஓடவிட்டு, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று அவரைக் கேளுங்கள். நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் திருவிழாக் காலத்திலேயே செய்யுங்கள்.